வெள்ளியில் நகை செய்யக் கற்றுக்கொண்டபோது

நகை செய்யும் வகுப்பில் சேரப்போகிறேன் என்று யாராவது சொன்னால் அடுத்த கேள்வி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: "எனக்கு வரையத் தெரியாதே, பரவாயில்லையா?" பரவாயில்லை. வரையத் தெரிந்தால் நல்லதுதான், ஆனால் ஆரம்ப மாதங்களில் அதைவிட அதிகமாகக் கைகொடுப்பது கண். இரண்டு விளிம்புகள் சேரும் இடத்தில் வெளிச்சம் கசிகிறதா, வெள்ளி இப்போது எந்த நிறத்துக்கு வந்திருக்கிறது, சுத்தியல் விழும் சத்தம் மாறிவிட்டதா என்பதையெல்லாம் கவனிக்கப் பழகிவிட்டால் மற்ற வேலைகள் தானாகப் பின்னால் வரும். நான் மாலை நேர வகுப்பு ஒன்றில் சேர்ந்து, வேலை முடிந்த களைப்போடு போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அங்கே சொல்லிக்கொடுத்ததில் எது இன்றைக்கும் என் மேஜையில் உதவுகிறதோ அதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பற்றிக் கொஞ்சம். வகுப்பில் பயன்படுத்துவது 925 வெள்ளி, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி 75 பங்கு பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி நகைக்கு ரொம்ப மென்மை, மோதிரமாகச் செய்து போட்டால் சீக்கிரமே நசுங்கி வடிவம் மாறிவிடும், அதற்கு உறுதி கொடுக்கத்தான் செம்பு. ஆனால் அந்தச் செம்பேதான் பின்னால் வரும் தொல்லைகள் பலவற்றுக்கும் காரணம்: சூடுபடுத்தினால் கறுப்பது, மெருகு போட்ட பிறகு ஊதா நிழல் மாதிரி கறை தெரிவது, உருகும் வெப்பநிலை குறைவது. சுத்த வெள்ளி சுமார் 962 டிகிரி செல்சியஸில் உருகும். 925 வெள்ளியோ 800 டிகிரியைத் தாண்டியதுமே இளக ஆரம்பித்து 893 வாக்கில் முழுதாக உருகிவிடும். பற்றவைக்க, இணைப்பில் உருகி ஓடும் சோல்டர் என்ற உலோகக் கலவையைப் பயன்படுத்துவோம், அதில் ஹார்ட் என்ற வகை ஓடுவது 780 டிகிரியை ஒட்டி. அதாவது சோல்டர் ஓடுவதற்கும் நகை இளக ஆரம்பிப்பதற்கும் நடுவில் இருப்பது கொஞ்சம் இடம்தான், வெள்ளி வேலை முழுவதும் அந்தக் கொஞ்ச இடத்துக்குள்தான் நடக்கிறது.

வகுப்பில் எடுத்தவுடன் வெள்ளியைக் கையில் கொடுக்கமாட்டார்கள். செம்புத் தகடு, பித்தளைத் தகடு, ஒரு ரம்பச் சட்டம், கொஞ்சம் பிளேடு. இதைப் பார்த்துச் சிலருக்கு முகம் வாடிவிடும், ஆனால் ரம்பம் சரியாகப் பழகாமல் மேலே போனால் ஒவ்வொரு கட்டத்திலும் அது திரும்பி வந்து இழுக்கும். பிளேடு ரொம்ப மெலிசு, நகத்தால் தொட்டால்தான் பல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியும். பல் வெளிப்பக்கமாகவும் கீழ்நோக்கியும், அதாவது கைப்பிடியைப் பார்த்தும் இருக்கவேண்டும், ஏனென்றால் வெட்டு விழுவது ரம்பம் கீழே இறங்கும்போதுதான். சட்டத்தை மேஜை விளிம்புக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வைத்து லேசாக அழுத்திக்கொண்டு பிளேடின் மறுமுனையைத் திருகவேண்டும், விட்டதும் சட்டம் விரிந்து பிளேடு விறைப்பாகும். விரலால் சுண்டிப் பாருங்கள், தந்தி போல 'டிங்' என்று உயர்ந்த சுருதியில் ஒலிக்கவேண்டும். மந்தமாக ஒலித்தால் திரும்பக் கட்டுங்கள், அப்படியே ஆரம்பித்தால் கோடு வளையும், பிளேடும் உடையும்.

பிளேடு அளவு தகட்டின் தடிமனைப் பொறுத்தது, எந்த நேரத்திலும் தகட்டின் தடிமனுக்குள் இரண்டு மூன்று பல்லாவது இருக்கவேண்டும் என்பது கணக்கு. 1 மில்லிமீட்டர் தகட்டுக்கு 2/0 என்ற எண் போட்ட பிளேடு நன்றாக ஓடும். வெட்டும்போது முன்னால் தள்ளக்கூடாது, மேலும் கீழும் நீளமாக, பிளேடின் முழு நீளத்தையும் பயன்படுத்தி இழுத்தால் போதும், அது தன் வழியில் முன்னே போகும். முனை திரும்பும்போது ரம்பத்தை நிறுத்தாமல், அதே இடத்தில் மேலும் கீழும் ஓட்டிக்கொண்டே தகட்டை மெதுவாகத் திருப்பவேண்டும். கோட்டின் மேலேயே வெட்டாமல் கோட்டுக்கு வெளியே மயிரிழை தள்ளி வெட்டுங்கள், மிச்சத்தை அரம் பார்த்துக்கொள்ளும். பிளேடு உடைவதைப் பற்றிக் கவலையே வேண்டாம், எத்தனை வருஷம் வேலை செய்தவரிடமும் உடையும், அதனால்தான் டஜன் கணக்கில் விற்கிறார்கள்.

அடுத்தது காய்ச்சுவது. வெள்ளியைத் தட்டினாலோ வளைத்தாலோ அதன் உள்ளமைப்பு நெருக்கிக்கொண்டு இறுகிவிடும். கையில் இருப்பது ஒரு கட்டத்துக்கு மேல் எதிர்த்துத் திமிறும், சுத்தியல் சத்தம் மொத்தென்பதிலிருந்து கணீரென்று மாறும். அந்தச் சத்தம் கேட்டதும் நிறுத்தி நெருப்புக்குக் கொண்டுபோகவேண்டும், அதற்கு மேலும் வளைத்தால் விரிசல் விடும். 600 முதல் 650 டிகிரி வரை சூடாக்கினால் திரும்ப மென்மையாகிவிடும். வெப்பமானி எதுவும் கிடையாது, கண்தான். பிரகாசமான விளக்கின் கீழே செய்தால் வெள்ளி சிவப்பதே தெரியாது, தெரியும்போது நேரம் கடந்திருக்கும். எங்கள் ஆசிரியர் காய்ச்சும் மேஜைக்கு மேலே இருந்த விளக்கை அணைத்துவிட்டுத்தான் தீயைப் பற்றவைப்பார். அரை இருட்டில், தகட்டின் மேல் மங்கலான சிவப்பு, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குத்தான் வரும். அங்கேயே நிறுத்தவேண்டும். சிவப்பு மறையும்வரை பொறுத்துத் தண்ணீரில் போட்டால் எடுத்து வளைக்கும்போது வித்தியாசம் கைக்கே தெரியும்.

இப்போது மோதிரம். எல்லா வகுப்பிலும் முதல் வெள்ளி வேலை அநேகமாக இதுதான், சாதாரண வளைய மோதிரம். இது எளிது என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், வெள்ளி வேலையின் பாதிப் பாடம் இதற்குள்ளேயே இருக்கிறது. நீளம் கண்டுபிடிக்க உள்விட்டத்தோடு தகட்டின் தடிமனைக் கூட்டி 3.14-ஆல் பெருக்கவேண்டும். உள்விட்டம் 17 மில்லிமீட்டர், தடிமன் 1.5 என்றால் 18.5 பெருக்கல் 3.14, சுமார் 58 மில்லிமீட்டர். தடிமனைக் கூட்ட மறந்தால் மோதிரம் விரலில் ஏறாது. பட்டை அகலமாக இருந்தால் கொஞ்சம் கூடுதலாகவே வெட்டுங்கள், அகலமான மோதிரம் இறுக்கமாகத்தான் உட்காரும்.

வளைக்கும்போது உருண்டையாக வரவேண்டும் என்று மெனக்கெட வேண்டாம். இது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. பற்றவைப்பதற்கு முன்னால் மோதிரம் கோணலாக இருக்கலாம், ஒருபக்கம் தட்டையாக இருக்கலாம், முக்கியமான ஒரே விஷயம் இரண்டு முனைகளும் நேருக்கு நேர் முழுதாக ஒட்டி நிற்பது. முனைகளை ஒன்றையொன்று கொஞ்சம் தாண்டிப்போகும்படி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிவிட்டுத் திரும்ப நேராக்கினால், வெள்ளியின் இழுவிசையே இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும். பிறகு விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்க்கவேண்டும். ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தாலும் சரியில்லை. அதற்கு ஒரு நல்ல வழி, சேர்ந்து நிற்கும் இணைப்பின் மேலேயே ரம்பத்தை ஒருமுறை ஓட்டிவிடுவது. இரண்டு முகங்களும் ஒரே வெட்டில் வெட்டுப்படுவதால் மறுபடி சேர்க்கும்போது அப்படியே பொருந்திவிடும். சோல்டர் இடைவெளியை அடைக்கும் பொருள் கிடையாது. நெருங்கி நிற்கும் இரண்டு பரப்புகளுக்கு நடுவில் நுண்துளை ஈர்ப்பால் இழுபட்டு உள்ளே ஓடுவதுதான் அதன் வேலை. இடைவெளி இருந்தால் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், அல்லது மேலே மூடியதுபோலத் தெரிந்து மெருகு போடும்போது குழியாகத் திறந்துகொள்ளும்.

நெருப்பு வேலைக்கு வருவோம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. சோல்டர் மூன்று வகை: ஹார்ட், மீடியம், ஈஸி. ஹார்ட் அதிக வெப்பத்தில் ஓடும், ஈஸி 720 டிகிரி வாக்கிலேயே ஓடிவிடும், மீடியம் நடுவில். ஒரே நகையில் பல இணைப்புகள் இருந்தால் முதல் இணைப்பு ஹார்ட், அடுத்தது மீடியம், கடைசி ஈஸி, அப்படிச் செய்தால் பின்னால் போடும் சூட்டில் முன்னால் போட்ட இணைப்பு அவிழாது. மோதிரத்துக்கு ஹார்ட்தான். நிறமும் வெள்ளியோடு நன்றாகச் சேரும், ஈஸியில் லேசான மஞ்சள் கோடு தெரிந்துவிடும்.

இணைப்பு சுத்தமாக இருக்கவேண்டும், விரலின் எண்ணெய்ப் பிசுக்கே சோல்டரை நிறுத்திவிடும், அதனால் உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்துவிட்டு அப்புறம் விரல் படாமல் சாமணத்தால் பிடியுங்கள். மேலே வெங்காரம் குழைத்துப் பூசவேண்டும், அது காற்றைத் தடுத்து ஆக்சைடு படியாமல் காக்கும். 1 மில்லிமீட்டர் சதுரமாக நறுக்கிய சோல்டர் துண்டை இணைப்புக்கு அடியில் வைத்து, அதன் மேல் மோதிரத்தின் இணைப்பு உட்காரும்படி வைத்தால் நகராது. தீயை எடுத்தவுடன் நேராக இணைப்பில் காட்டத் தோன்றும். கூடாது. எல்லா உலோகங்களிலும் வெப்பத்தை மிக வேகமாகக் கடத்துவது வெள்ளி, ஒரு இடத்தில் காட்டும் சூட்டை மற்ற இடங்களுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். முழு மோதிரமும் சூடாகாமல் இணைப்பு மட்டும் சூடாகாது. சோல்டர் துண்டு மட்டும் முதலில் உருகி உருண்டையாக நிற்கும், வெள்ளி இன்னும் தயாராகாததால் அந்த உருண்டை எங்கேயும் ஓடாது.

அதனால் தீயை முதலில் தள்ளிப் பிடித்து வட்டமாகச் சுற்றவேண்டும். வெங்காரத்திலிருக்கும் தண்ணீர் போகும்போது அது வெள்ளையாகப் பொரிந்து எழும்பும், சோல்டர் துண்டைத் தூக்கித் தள்ளிவிடவும் செய்யும், தள்ளினால் கூரான கம்பியால் திரும்ப இடத்துக்குக் கொண்டுவாருங்கள், பதற வேண்டாம். பிறகு பொரிந்தது அடங்கி, கண்ணாடி போலத் தெளிந்து உலோகத்தோடு ஒட்டும். இந்தத் தெளிவு வந்ததும் இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று அர்த்தம். இப்போது தீயை நெருக்கி, இணைப்பின் இரண்டு பக்கமும் ஒரே நிறத்துக்கு வரும்படி மாற்றி மாற்றிக் காட்டவேண்டும், உள்ளே தெரியும் நீலக் கூம்பின் முனையைச் சற்றுத் தாண்டிய இடத்தில்தான் தீயின் உச்ச வெப்பம். "தீயைப் பார்க்காதீங்க, வெள்ளியைப் பாருங்க" என்று ஆசிரியர் பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருப்பார். பார்த்துக்கொண்டே இருந்தால் திடீரென்று ஒரு பளபளப்பான கோடு இணைப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடும். கண் இமைக்கும் நேரம்தான். அந்தக் கோட்டைப் பார்த்த கணத்திலேயே தீயை விலக்கவேண்டும். முதல் தடவை அது ஓடியதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்றால் அதற்குள் முடிந்துவிட்டது.

இங்கே மனதில் வைக்கவேண்டியது, சோல்டர் எப்போதும் சூடு அதிகமான பக்கத்துக்குத்தான் போகும். ஒரு பக்கமாக ஏறிவிட்டால் அந்தப் பக்கம் அதிகம் சூடாகியிருக்கிறது. வெள்ளியின் மேற்பரப்பு திடீரென்று பாதரசம் மாதிரி மின்ன ஆரம்பித்தால் நகையே உருகப்போகிறது, உடனே தீயை எடுங்கள்.

பற்றவைத்த நகை கறுத்து, வெங்காரக் கண்ணாடி ஒட்டிக்கொண்டு பார்க்கவே பாவமாக இருக்கும். தண்ணீரில் ஆறவிட்டு, பிக்கிள் எனப்படும் வெதுவெதுப்பான அமிலக் கரைசலில் போட்டால் கறுப்பும் வெங்காரமும் கரைந்து வெள்ளை வெளேரென்று வெளியே வரும். சோடியம் பைசல்ஃபேட் அல்லது சிட்ரிக் அமிலம்தான் பழக்கம், வீட்டில் செய்வதாக இருந்தால் நான் சிட்ரிக் அமிலத்தையே சொல்வேன், மெதுவாக வேலை செய்தாலும் ஆபத்து குறைவு. கலக்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தைப் போடவேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக்கூடாது. சூடான நகையை நேராக அதில் போட்டால் தெறிக்கும், ஆவி மூச்சில் ஏறும். எடுக்கவும் போடவும் செம்பு இடுக்கிதான். இரும்பு உள்ளே போனால் கரைசலில் கரைந்திருக்கும் செம்பு முழுவதும் வெள்ளியின் மேல் படிந்து நகை ரோஸ் நிறமாகிவிடும், எங்கள் வகுப்பில் இரும்புச் சாமணம் யாரோ மறந்து விட்டுவிட்டதால் அன்றைக்குத் தொட்டியில் இருந்த எல்லோருடைய வேலையும் அப்படித்தான் வெளியே வந்தது. மேல்பூச்சுதான், தேய்த்தால் போய்விடும், ஆனால் எல்லோருக்கும் கூடுதல் வேலை.

அரம், உப்புத்தாள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, பொறுமை மட்டும்தான் வேண்டும். அரம் முன்னால் தள்ளும்போதுதான் வெட்டும், பின்னால் இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். உப்புத்தாள் 400, 600, 800, 1200 என்று ஏறிக்கொண்டே போகவேண்டும், ஒவ்வொரு எண்ணுக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால் முந்தைய கீறல் போய்விட்டதா என்று தெரியும். அவசரத்தில் ஒரு எண்ணைத் தாண்டினால் மெருகு போட்ட பிறகு அந்தக் கீறல்தான் முதலில் கண்ணில் படும். செம்பு ஆக்சைடு மேற்பரப்புக்கு அடியிலும் படிந்திருந்தால் ஊதா கலந்த சாம்பல் நிறத் திட்டு தெரியும், அதைத் தேய்த்துத்தான் எடுக்கவேண்டும். சூடாக்குவதற்கு முன்பே போரிக் அமிலத்தை ஆல்கஹாலில் கலந்து நகையை முக்கி, அந்த ஆல்கஹாலை எரித்துவிட்டால் ஒரு வெள்ளைப் படலம் நின்று அந்தத் திட்டு வராமல் காக்கும். அந்தக் குப்பியை மூடித் தூரமாக வைத்துவிட்டுத்தான் தீ பற்றவைக்கவேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

மோதிரத்துக்கு அடுத்து எல்லோரும் ஆசைப்படுவது கல் பதிப்பது. அடி தட்டையாகவும் மேலே குவிந்தும் இருக்கும் கல்லைச் சுற்றி மெல்லிய வெள்ளிப் பட்டையைச் சுவராக நிறுத்தி, அதைக் கல்லின் மேல் மடக்குவதுதான் முறை. பட்டைக்கு 0.3 மில்லிமீட்டர் அளவில் சுத்த வெள்ளியே நல்லது, மென்மையாக மடங்கும், உருகவும் அதிக வெப்பம் வேண்டும். கல் அழுத்தாமலே உள்ளே விழவேண்டும், அதே நேரம் ஆடவும் கூடாது. பொருத்திப் பார்க்கும்போது கல் உள்ளே சிக்கிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு, அதனால் ஒரு நூலைக் கல்லுக்கு அடியில் குறுக்காக வைத்துவிட்டு இறக்குங்கள், நூலை இழுத்தால் கல் வந்துவிடும். பட்டையை அடித்தகட்டோடு பற்றவைக்கும்போது தீயை மேலிருந்து காட்டினால் மெல்லிய பட்டை முதலில் சுருண்டுவிடும், கம்பி வலை மேல் வைத்து அடியிலிருந்து காட்டவேண்டும். கல் வருவது எல்லா நெருப்பு வேலையும் முடிந்த பிறகுதான். மடக்கும்போது வரிசையாக ஒரு பக்கமிருந்து சுற்றிவந்தால் கடைசியில் பட்டை மிஞ்சிச் சுருக்கம் விழும், மேலே ஒரு அழுத்து, நேர் எதிரே கீழே ஒரு அழுத்து, இடது, வலது, அதன் பிறகு நடுவில் இருக்கும் இடங்கள் என்று போனால் சீராகப் படியும். முத்து, ஓப்பல், டர்க்காய்ஸ் போன்றவற்றை அமிலத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

பாதுகாப்பைப் பற்றி நான் கண்டிப்பாகப் பேசுவேன். பருத்தி உடை, மூடிய செருப்பு, முடி கட்டியிருக்கவேண்டும், கண்ணாடி போட்டிருக்கவேண்டும். மெருகு போடும் மோட்டாரில் கையுறை போடக்கூடாது, அது சுழலில் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும், அதே காரணத்துக்காகச் சங்கிலியை அந்த மோட்டாரில் கையால் பிடித்து மெருகு போடவே கூடாது. சோல்டர் வாங்கும்போது காட்மியம் இல்லாதது என்று போட்டிருக்கிறதா பாருங்கள், காட்மியப் புகை நுரையீரலைக் கெடுக்கும், பழைய சோல்டர் யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். சன்னல் திறந்திருக்கட்டும். தூள் பறக்கும் வேலைக்கு முகக்கவசம்.

வீட்டிலேயே மேஜை போட நினைத்தால் முதல் நாளே மோட்டாரும் பெரிய கருவிகளும் தேவையில்லை. ரம்பச் சட்டம், 2/0 பிளேடு, மேஜையில் திருகி வைக்கும் மரக்கட்டை, ஒரு நல்ல அரைவட்ட அரம், தட்டை மூக்குக் குறடும் உருண்டை மூக்குக் குறடும், மோதிரம் தட்டும் கூம்புக் கம்பி, வெள்ளியில் தழும்பு விழாத நைலான் சுத்தியல், ஒரு சிறிய பியூட்டேன் டார்ச், தீ தாங்கும் செங்கல், வெங்காரம், ஹார்ட் சோல்டரும் ஈஸி சோல்டரும், இவ்வளவு இருந்தால் மோதிரமும் காதணியும் தாராளமாகச் செய்யலாம். அரத்தில் மட்டும் மலிவைத் தேடாதீர்கள். மடியில் தோல் ஏப்ரன் ஒன்றை மேஜையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டால் விழும் தூளும் துண்டும் வீணாகாது, சோல்டர் படாத சுத்தமான துண்டுகளை ஒரு டப்பாவிலும் சோல்டர் பட்டதை வேறு டப்பாவிலும் போடுங்கள், சுத்தமானதை வெங்காரம் போட்டு உருக்கித் திரும்பக் கம்பியாகவோ தகடாகவோ ஆக்கிக்கொள்ளலாம். செய்து முடித்த நகையைக் காற்றுப் புகாத பையில் வையுங்கள், ரப்பர் பேண்ட் மட்டும் போட்டுக் கட்டாதீர்கள், அதிலிருக்கும் கந்தகமே வெள்ளியைக் கறுக்கவைக்கும்.